மெலாவத்தி மலையும் தெங்கு கூடினும்



கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கிற நம்மவர்களில் புக்கிட் மெலாவத்தி ஏறாதவர் குறைவு. பிள்ளைகளுக்குக் குரங்கு காட்டப் போவோம், பீரங்கிமேல் உட்கார வைத்துப் படம் பிடிப்போம், வந்துவிடுவோம். அந்த மலைக்காக அடித்துக்கொண்டவர்களில் ஒருவர்தான் தெங்கு கூடின்.

கெடா அரச குடும்பத்தில் 1835இல் பிறந்தவர். முழுப்பெயர் தெங்கு ஜியாவுடின். 1868இல் சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாட்டின் மகளைக் கட்டினார். அதற்கு முந்தின வருஷமே இங்கே சண்டை மூண்டுவிட்டது. எல்லாம் ஈய வரிக்காகத்தான். ராஜா அப்துல்லாவைத் துரத்திவிட்டு ராஜா மஹாடி கிள்ளானைப் பிடித்துக்கொண்டார். சுல்தான் மருமகனைத் தமக்குப் பிரதிநிதியாக்கிக் கடிதம் கொடுத்தார்.

அந்தக் கடிதம்தான் வினை. நாடு முழுக்க எனக்கு என்றார் கூடின். லங்காட் மட்டும்தான் என்றார்கள் மற்ற ராஜாக்கள். வெளியூர்க்காரன் ஆள்வதா என்று சுல்தானின் பிள்ளைகளுக்கே கசப்பு. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோதே, 1863இல், ஒஹாயோ மாநிலத்துக்குக் கவர்னர் தேர்தல் வைத்தார்கள். பாசறையில் கிடந்த சிப்பாயும் ஓட்டுப் போட்டான். (கறுப்பர்களுக்கு அந்த ஓட்டு கிடையாது, அது வேறு கதை.) இங்கே யார் யாரைக் கேட்டார்கள்?

1870இல் கூடின் கிள்ளானை மீட்டார். மஹாடி கோலசிலாங்கூருக்கு வந்து கோட்டையைப் பிடித்தார். பிறகு அது கைமாறிக்கொண்டே இருந்தது. கூடின் கூலிக்கு இந்தியச் சிப்பாய்களையும் இறக்கினார். 1872இல் கோலாலம்பூர் விழும் சமயம், அவர்கள் வெள்ளைக்கார அதிகாரியோடு தப்பி ஓடி, வழி தெரியாமல் பெட்டாலிங்கில் மாட்டி வெட்டுப்பட்டார்கள். அதிகாரி பெயர் வான் ஹேகன் என்று புத்தகத்தில் இருக்கிறது. சிப்பாய்கள் ஒருவர் பெயரைக்கூட நான் பார்த்ததில்லை.

பகாங் படை வந்துதான் 1873இல் கூடினுக்கு ஜெயம். ஆனால் அனுபவித்தது யார்? அடுத்த வருஷமே வெள்ளைக்கார ரெசிடெண்ட் வந்துவிட்டார். அந்த டேவிட்சன் முன்பு கூடினுக்கே ஆலோசகராக இருந்த சிங்கப்பூர் வக்கீல். பெயருக்குப் பதவியை வைத்துக்கொண்டிருந்த கூடின், 1878இல் அதையும் விட்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார்.

அவர் கண் மூடியது 1909இல். அதற்குள் சிலாங்கூரில் காடு வெட்டி ரப்பர் நட்டாயிற்று. கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.