அடையாளம் தேடிய அறிஞர்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. அந்நடுக்கத்திற்குக் காரணம் நஞ்சு மட்டுமன்று. எது நஞ்சுடையது, எது நஞ்சற்றது எனப் பிரித்தறிய இயலாமையும் ஆகும். அறியாதவன் தீங்கற்ற சாரையை அடித்துக் கொல்கிறான். கொடிய கட்டுவிரியனை எளிய பாம்பெனக் கருதிக் கையால் தொட்டு உயிரிழக்கிறான். இவ்விரு இழப்புகளையும் தடுக்க வேண்டுமெனில், பாம்புகளை அவற்றின் உடலமைப்பைக் கொண்டே இனங்காணும் வழி வேண்டும். அவ்வழியைத் தேடிச் சோழமண்டலக் கடற்கரையில் உழைத்தவர் மருத்துவர் பேட்ரிக் ரசல்.

இளமையும் அலெப்போ வாழ்வும்

ரசல் 1727ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயின்று 1750இல் பட்டம் பெற்றார். அவருடைய தமையன் அலெக்சாண்டர் ரசல், சிரியா நாட்டின் அலெப்போ நகரில் ஆங்கில வணிகர்களுக்கு மருத்துவராக இருந்தார். பட்டம் பெற்றதும் ரசல் அங்குச் சென்றார். தமையன் தாயகம் திரும்பிய பின்னர் அப்பணியைத் தாமே ஏற்றார்.

1760 முதல் 1762 வரை அலெப்போவைக் கொள்ளைநோய் வாட்டியது. ரசல் நகரை விட்டு நீங்கவில்லை. நோயின் குறிகளையும் போக்கையும் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் பின்னர் 1791இல் கொள்ளைநோய் பற்றிய பெருநூலாக வெளிவந்தன. கண்டதைக் கண்டவாறே எழுதுதல், ஒன்றைப் பலமுறை நோக்கிய பின்னரே முடிவுக்கு வருதல் ஆகிய இரு பழக்கங்களும் அந்நகரில் அவரிடம் ஊன்றின.

கடற்கரைக்கு வந்த மருத்துவர்

1771இல் அலெப்போவை விட்டு நீங்கிய ரசல், 1777இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். பின்னர், 1781இல், கிழக்கிந்தியக் குழுமத்தில் உயர்பதவி பெற்று விசாகப்பட்டினம் வந்த தம் இளவல் கிளாடுடன் அவரும் இந்தியா வந்தார். அப்போது அவருக்கு அகவை ஐம்பத்து நான்கு. ஓய்வை நாடும் பருவத்தில் அவர் இந்நிலத்தின் செடிகொடிகளையும் உயிரினங்களையும் ஆராயத் தொடங்கினார்.

அக்காலத்தில் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளராக விளங்கியவர் ஜோகன் கெர்கார்டு கோனிக். இவர் லின்னேயசின் மாணவர்; 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, தென்னாட்டுத் தாவரங்களை ஆராய்ந்தவர். 1785இல் கோனிக் மறைந்ததும் அப்பொறுப்பு ரசலிடம் வந்தது. தாவரங்களை ஆராய்வதே பணியின் முதன்மை நோக்கம். எனினும் மருத்துவராகிய அவருடைய உள்ளத்தைப் பாம்புக்கடி மரணங்கள் பெரிதும் உறுத்தின.

மருந்தா, மயக்கமா?

பாம்புக்கடிக்கு அந்நாளில் மருந்துகள் பல வழங்கின. அவற்றுள் புகழ்பெற்றது தஞ்சாவூர் மாத்திரை. அதனை உண்டு பிழைத்தோர் பலர் எனக் கூறப்பட்டது. ஆயினும் பிழைத்தவரைக் கடித்தது எந்தப் பாம்பு என்னும் வினாவுக்கு விடை இல்லாதபோது, அப்புகழுக்கு அடிப்படை ஏது? தண்ணீர்ப்பாம்பு கடித்தவன் மருந்தின்றியும் பிழைப்பான். அவன் பிழைப்பு மருந்தின் கணக்கில் ஏறும். அம்மருந்தை நம்பி, நல்லபாம்பு கடித்தவன் உயிரிழப்பான். ஆகவே, பாம்பை இனங்காணாமல் மருந்தை மதிப்பிட இயலாது.

ரசல் நாய்களையும் கோழிகளையும் கொண்டு பல பாம்புகளின் நஞ்சினைச் சோதித்தார். நஞ்சின் விளைவுகளை வரிசையாகப் பதிவு செய்தார். தஞ்சாவூர் மாத்திரையையும் ஆய்வுக்கு உட்படுத்தினார். அம்மாத்திரையில் ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தது.

எளிய அடையாளம் உண்டா?

பாம்பின் வாயைத் திறந்து பாராமலே, புறத்தோற்றம் கொண்டு நச்சுப்பாம்பை அறிய எளிய அடையாளம் ஒன்று கிடைக்குமா என்பதே ரசலின் தேடல். 1787இல் அவர் பாம்புகளைப் பற்றி எழுதிய குறிப்பு, சென்னை மாகாணத்து மருத்துவர்களுக்கு அனுப்பப்பட்டது.

நிறம் அடையாளமாகுமா? கட்டுவிரியனும் ஓநாய்ப்பாம்பும் கரிய உடலில் வெண்பட்டைகள் கொண்டவை. முன்னது கொடிய நஞ்சுடையது; பின்னது தீங்கற்றது. தலையின் வடிவம் அடையாளமாகுமா? கண்ணாடி விரியனின் தலை அகன்று முக்கோணமாக இருக்கும்; நல்லபாம்பின் தலையோ, படம் விரிக்காதபோது, சாரையின் தலையைப் போலவே தோன்றும். உடற்புள்ளிகளைப் பார்த்தால், மண்ணுளிப்பாம்பின் ஒருவகையும் கண்ணாடி விரியனைப்போல் காட்சி தரும். பாம்பின் அடிப்பகுதியில் வயிற்றுச் செதில்களையும் வாற்செதில்களையும் எண்ணி இனம் பிரிப்பது லின்னேயஸ் வகுத்த முறை. ரசலும் தமக்குக் கிடைத்த பாம்புகளின் செதில்களைப் பொறுமையுடன் எண்ணிக் குறித்தார். எனினும், அவ்வெண்ணிக்கை இனத்தை அறிய உதவுமேயன்றி நஞ்சை அறிவிக்காது.

முடிவில், ஒரே அடையாளத்தால் நச்சுப்பாம்பை அறியும் எளிய வழி அவருக்குக் கிட்டவில்லை. நச்சுப்பல்லைக் காண்பதே உறுதியான சான்றாக எஞ்சியது. விரும்பிய விடை கிடைக்காதபோது அரைகுறை விடையொன்றைப் புனைந்து தருவது எளிது. உயிரைப் பற்றிய செய்தியில் அத்தகைய விடை, விடையின்மையினும் கொடியது. ரசல் அதனைச் செய்யவில்லை. ஒவ்வொரு பாம்பையும் தனித்தனியே விளக்கும் கடினமான வழியையே தேர்ந்தார்.

படமும் பெயரும்

1789இல் தம் சேகரிப்பைச் சென்னையில் குழுமத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு ரசல் இங்கிலாந்து திரும்பினார். சோழமண்டலக் கடற்கரையில் சேகரித்த இந்தியப் பாம்புகளைப் பற்றிய அவரது நூலின் முதல் தொகுதி 1796இல் வெளிவந்தது. 40க்கும் மேற்பட்ட படங்கள் அதில் இடம்பெற்றன. தலை, பல், செதில், நிறம், நீளம், பட்டை, புள்ளி ஆகிய அனைத்தும் ஒவ்வொரு பாம்புக்கும் விளக்கப்பட்டன. ஓர் உறுப்பைக் கொண்டன்று, பல உறுப்புகளை ஒருசேர நோக்கியே இனம் அறிய வேண்டும் என்பதை அந்நூலின் அமைப்பே உணர்த்திற்று.

பாம்புகளுக்கு ரசல் இலத்தீன் பெயர்களைச் சூட்டவில்லை. அவ்வூர் மக்கள் வழங்கிய பெயர்களையே எழுதினார். கண்ணாடி விரியன் கட்டுக ரேகுல போட என்னும் தெலுங்குப் பெயருடன் இடம்பெற்றது. அவர் பதிந்த பங்காரும் பாமு என்னும் தெலுங்குப் பெயரிலிருந்தே கட்டுவிரியன் பேரினத்திற்குப் பங்காரசு என்னும் அறிவியற்பெயர் பின்னாளில் அமைந்தது. சுருட்டை விரியனின் அறிவியல் விளக்கத்திற்கு மூல இடமாகக் குறிக்கப்படுவது நம் ஆரணி. உள்ளூர் மக்களின் அறிவை மதித்தவரின் எழுத்து, அம்மக்களின் சொல்லை உலக அறிவியலில் நிலைபெறச் செய்தது.

1797இல் கண்ணாடி விரியனுக்கு அறிவியற்பெயர் சூட்டிய ஷாவும் நோடரும் ரசலின் பெயரையே அதில் இணைத்தனர். இன்றும் அது தபோயா ரசெலி என வழங்குகிறது. இரண்டாம் தொகுதியின் பகுதிகள் 1801 முதல் வெளிவந்தன. பணி முற்றுப்பெறும் முன்னரே, 1805ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் ரசல் மறைந்தார். எஞ்சிய பகுதிகள் அவர் மறைவுக்குப் பின் 1809க்குள் வெளிவந்தன. அவர் கொண்டு சென்ற பாம்புத் தோல்கள் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன.

தொடரும் பயன்

ரசலின் காலத்தில் நஞ்சு முறிவு மருந்து இல்லை. அது பிறக்க மேலும் நூறாண்டுகள் ஆயின. இன்று இந்தியாவில் தயாராகும் நஞ்சு முறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு உருவாக்கப்படுகிறது. இந்நான்கும் ரசலின் முதல் தொகுதியில் இடம்பெற்றவை. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர், இப்பாம்புகளைச் சரியாக இனங்கண்டு பிடித்து, நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விடுகின்றனர்.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கின்றனர் என ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. கடியுண்டவர் பாம்பைத் தேடிக் காலங்கடத்தாமல் உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். அங்கு அவருக்குச் செலுத்தப்படும் மருந்தின் பின்னே, பாம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தோரின் நீண்ட உழைப்பு நிற்கிறது. எளிய வழி இல்லையென்று கண்ட பின்னும் தேடலைக் கைவிடாத ரசல், அவ்வுழைப்பாளர் வரிசையின் முன்னவர்களுள் ஒருவராவார்.