ஜான் டென்வர்: பாடகரின் உயிரைப் பறித்த ஒரு வால்வ்!

‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’ பாட்டைக் கேட்காதவங்க ரொம்பக் குறைவு. 1971-ல் வெளியான அந்தப் பாடலால் உலகப் புகழ் பெற்றவர், அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர். 1943-ல் பிறந்தவர். அப்பா விமானப்படை பைலட். மகனுக்கும் பறப்பதில் அவ்வளவு ஆசை. 2,700 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டிய அனுபவசாலி.

1997-ல் அவர் வாங்கியது ‘லாங்-ஈஸி’ என்ற குட்டி விமானம். பர்ட் ரூட்டன் வடிவமைத்த இதன் வரைபடத்தை வாங்கி, ஆர்வலர்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். டென்வரின் விமானமும் இன்னொருவர் அப்படிக் கட்டியதுதான்.

சிக்கல் எங்கே வந்தது? இதில் இரண்டு எரிபொருள் டேங்க். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற ஒரு வால்வ். வரைபடப்படி அதன் கைப்பிடி பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்கணும். எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வரக் கூடாது என்று நினைத்த கட்டியவர், அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மான்டரே. கைப்பிடி எட்டவில்லை என்று டென்வருக்குத் தெரியும். ஆனாலும், கொஞ்ச நேரம்தானே என்று எரிபொருள் நிரப்பாமல் கிளம்பினார். சிறிது நேரத்தில் விமானம் கடலில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 53.

கன்ட்ரோலை விட்டுவிட்டு, உடம்பைத் திருப்பி வால்வை எட்டும்போது அவர் கால் வலது ரட்டர் பெடலை மிதித்திருக்கிறது என்பது விசாரணையின் முடிவு. இந்த ரக விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம்தான். ஆனா, அவசரத்தில் பைலட்டின் கைக்கு எட்டாத பாதுகாப்பால் என்ன பயன்?