இப்னு பதூதா சொன்ன சாட்சி

ராஜாக்கள் கதை கல்வெட்டில் இருக்கும். சாதாரண ஜனங்கள் பட்ட பாடு எங்கே இருக்கும்? என் தாத்தாவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வரி எழுத்து கிடையாது. வெளியூர்க்காரர் யாராவது பார்த்துச் சொல்லி வைத்தால்தான் உண்டு. அப்படி ஒருவர்தான் இப்னு பதூதா.

இவர் 1304-ல் மொராக்கோ நாட்டு டாஞ்சியர் நகரில் பிறந்தார். 1325-ல் மெக்கா யாத்திரைக்கென்று தனியாகக் கிளம்பினார். நாடு திரும்ப 1349 ஆகிவிட்டது. டில்லியில் முகமது பின் துக்ளக்கிடம் காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தார். மாலத்தீவிலும் அதே வேலை. பிறகு இலங்கை வந்து, அங்கிருந்து நம் கடற்கரையில் இறங்கி மதுரை சேர்ந்தார்.

அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீன் இவருக்குச் சகலை. சொந்தக்காரர், விருந்து வைத்தவர், ஒரே மதம். புகழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சிறைபிடித்தவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்றும் பாராமல் சுல்தான் கொன்றதை இவர் மறைக்கவில்லை. கொடுமை என்று கண்டித்தார். கொள்ளைநோயில் மக்கள் மடிந்ததையும் சொன்னார். வேண்டியவரின் குற்றத்தையே சொல்கிறவர் சாட்சிக்கு மதிப்பு அதிகம் அல்லவா? அதனால்தான் மதுரை சுல்தான்கள் வரலாற்றுக்கு, அவர்கள் வெளியிட்ட காசுகளோடு இவர் நூலும் முக்கிய ஆதாரமாக இருக்கிறது.

அதுக்காக எல்லாத்தையும் அப்படியே நம்பிடலாமா? கூடாது. இவர் எழுதி வைத்த குறிப்புகள் வழியில் கொள்ளை போயின. ஊர் திரும்பிய பின் இவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்பவர் எழுதி 1355-ல் முடித்தார். மெக்கா, டமாஸ்கஸ் பற்றிய சில பகுதிகள் முன்பு வாழ்ந்த இப்னு ஜுபைர் நூலிலிருந்து எடுத்தவை என்று அறிஞர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். வோல்கா பக்கம் பல்கார் நகருக்குப் போனதாகச் சொன்னதை, பயண நாட்களைக் கணக்குப் போட்டுப் பார்த்துச் சந்தேகப்படுகிறார்கள். செயின் சர்வேயில் நாம் செக் லைன் போடுகிறோமே, அதே வேலைதான். ஒரு அளவு தப்பென்று மொத்த நோட்டையும் கிழித்துப் போடுவதில்லை. எந்த அளவு சரி என்று பார்க்கிறோம்.

இவர் 1368 வாக்கில் காலமானார். 1853 முதல் 1858 வரை பிரெஞ்சு அறிஞர்கள் இவர் நூலை நாலு பாகமாக அச்சிட்ட பிறகே உலகம் முழுக்கத் தெரிய வந்தது.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போனால் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பழைய சங்கதிகளைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி போட மறந்துடாதீங்க!