கஞ்சித்தொட்டி கண்ட நாவலர்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களை நூலாசிரியராகவும், பதிப்பாசிரியராகவும், சைவப் பிரசங்கியாராகவும் நாம் நன்கறிவோம். பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த நாவலரைப் பற்றி நாம் பேசுவதோ மிகக் குறைவு. அக்குறையை இம்மலரிலே ஒரு சிறிது தீர்க்க விழைகின்றோம்.

நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மைந்தராக 1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் நாள் அவர் தோன்றினார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை புரிந்தார். 1848 இல் அப்பதவியைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டிலே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை ஈந்தது.

1876 தொடங்கித் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. உயிர் பிழைக்கும் பொருட்டுக் கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களை நாடி, மன்னாரிலிருந்து மாத்தளை வழியே ஏழை மக்கள் கால்நடையாக வந்தனர். அக்குறணையினூடே நாம் நாள்தோறும் செல்லும் பெருந்தெரு இன்றும் நம்மை அவ்வட திசையோடு இணைக்கின்றது.

இந்திய அரிசியை எதிர்நோக்கி வாழ்ந்த யாழ்ப்பாணமும் அப்பஞ்சத்துக்குத் தப்பவில்லை. விலை ஏறியது, பேதிநோயும் பரவியது. ஐம்பது வயது கடந்த நாவலர் அவர்கள், உள்ளவரிடம் பொருள் இரந்து, வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தைத் தொடங்கினார். மக்களின் துயரைச் சரிவரக் கவனியாத அரசாங்க அதிபர் துவைனம் துரையை அஞ்சாது கண்டித்தார். கஞ்சி வார்ப்பதோடு கடமை முடிந்ததென அவர் எண்ணவில்லை. உணவை நாமே விளைவித்தல் வேண்டுமெனக் கருதிக் கமத்தொழில் வர்த்தக சங்கம் ஒன்று அமையவும் முன்னின்றுழைத்தார்.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. வடலூரிலே 1867 இல் சத்திய தருமச்சாலையை நிறுவியவர் இராமலிங்க வள்ளலார். அவருடைய பாடல்களை அருட்பா என்பது தகாதென வாதிட்டவர் நம் நாவலர். அவ்வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கொள்கையிலே எதிரெதிர் நின்ற அவ்விருவரும் அடுப்பு மூட்டுவதிலே ஒரே வழியில் நின்றனர். பசித்தவன் முன்னே வாதம் நில்லாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாவலர் அவர்கள் 1879 டிசம்பர் 5 ஆம் நாள் சிவபதமடைந்தார். இல்லறம் புகாத அவர் மாணாக்கரையும் ஏழைகளையுமே தம் மக்களாகக் கொண்டார்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே, காலையுணவின்றிப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை இந்நாடு கண்டது. பழைய மாணவராகிய நாம் விழாவெடுக்கும் இவ்வேளையிலே, வெறும் வயிற்றோடு வகுப்பில் அமரும் மாணவன் ஒருவனேனும் உளனோ என ஆசிரியரை வினவுவோமாக. உளனாயின், கட்டடம் பின்னர் எழட்டும். அடுப்பு முன்னர் எரியட்டும்.