பெயரை மறைத்த பையன், அதே பெயரில் பத்திரிகை நடத்திய மனிதர்: இரட்டைமலை சீனிவாசன்

கோயம்புத்தூரில் படித்த காலத்தில் ஒரு பையன் தினமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வான். காலையில் மணி அடிக்கும் வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவான். சாயங்காலம் மற்ற மாணவர்கள் வந்து சேர்வதற்குள் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே படித்த ஏறக்குறைய 400 பேரில் பத்துப் பேரைத் தவிர எல்லாரும் பிராமணர்கள். யாராவது பக்கத்தில் வந்து பேச ஆரம்பித்தால் ஊர் என்ன, உறவு யார் என்று கேட்பார்கள், ஜாதி தெரிந்துவிடும், அப்புறம் நடத்துகிற விதமே மாறிவிடும். அந்தப் பயத்தில்தான் அவன் யாரோடும் சேரவில்லை.

அவர்தான் இரட்டைமலை சீனிவாசன். சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம் கோழியாளம், அதாவது நம்ம நெம்மேலி இருக்கிற இதே செங்கல்பட்டு மாவட்டம். பிறந்தது 1859-ல். படிப்பு முடிந்ததும் நீலகிரியில் ஆங்கிலேயர் கம்பெனிகளில் கணக்கராக வேலை பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்தார்.

அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் உதவுவார். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். போலந்துக்காரர் என்பதை மறைத்ததால்தான் கைதி முகாமில் உயிர் பிழைத்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். திரையில் தெரிந்த புள்ளிகளை யார் கூடுதலாக மதிப்பிட்டார்கள், யார் குறைவாக மதிப்பிட்டார்கள் என்று சொல்லி இரண்டு குழுவாகப் பிரித்தார். உண்மையில் பிரித்தது குலுக்கல் மாதிரிதான். அப்படியும் பையன்கள் தங்கள் குழுவுக்கே அதிகக் காசு ஒதுக்கினார்கள். எதிர்க்குழுவை விட முன்னால் நிற்பதற்காகத் தங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்றும் பலர் நினைத்தார்கள். டிபார்ட்மென்ட் கிரிக்கெட் மேட்ச் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

சரி, தாழ்வாக நடத்தப்படும் குழுவில் பிறந்தவர் என்ன செய்வார்? தாஜ்ஃபெல் கோட்பாட்டில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தனி ஆளாகக் குழுவை விட்டு நழுவுவது. இரண்டு, குழுவின் அடையாளத்துக்குப் புது மதிப்பு கொடுப்பது. மூன்று, எல்லாரும் சேர்ந்து விதிகளையே மாற்றப் போராடுவது. சீனிவாசன் இந்த மூன்றையும் ஒரே ஆயுளில் பார்த்தவர்.

முதல் வழியில் அவர் தொடர்ந்து போயிருக்கலாம். கையில் ஆங்கிலப் படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் இருந்தது. ஆனால் அது ஒருத்தருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். கோழியாளத்தில் இருக்கிறவர்களுக்கு எதுவும் மாறாது.

1891-ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். நாலு பக்கம், விலை இரண்டு அணா, பெயர் 'பறையன்'. வகுப்பில் யார் காதிலும் விழக்கூடாது என்று ஓடி ஒளிந்த அதே பெயர், இப்போது முதல் பக்கத்தில். சொந்தப் பெயரைச் சொல்லவே கூசினால் உரிமை கேட்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. மாத இதழாகத் தொடங்கிய அது சீக்கிரமே வார இதழாகி, 1900 வரை வந்தது.

இதை அவர் வீட்டிலேயே எல்லாரும் ஏற்கவில்லை. அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதர் நேர் எதிராக யோசித்தார். அந்தப் பெயர் மற்றவர்கள் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். 1907-ல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். ஒரே குடும்பம், ஒரே காயம், இரண்டு மருந்து. ஒரு குழுவில் எல்லாரும் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்று வெளியே இருந்து பார்க்கிறவர்கள்தான் நினைப்பார்கள்.

பிறகு சீனிவாசன் ஆப்பிரிக்கா போய், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1921-ல் திரும்பினார், 1923-ல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். இங்கே ஆரம்பிக்கிறது மூன்றாவது வழி. 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதுவாக இருந்தாலும் எல்லா ஜாதியினரும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையும் வந்தது. இன்றைக்கு நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கிக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாயைத் திறக்கிறவர் யார் என்று அந்தத் தண்ணீர் கேட்பதில்லை. நூறு வருஷம் முன்னால் கிணற்றடியில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் போனார். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் விசாரித்தபோது, தெருவில் ஒருவன் விழுந்தால்கூட ஜாதி பார்த்துத் தூக்காமல் போய்விடுவார்கள் என்று விளக்கினார். 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1939-ல் தன் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாக எழுதினார். 1945 செப்டம்பர் 18 அன்று காலமானார்.

ஒரு விஷயம் மட்டும் யோசிக்க வேண்டும். சட்டம் கிணற்றைத் திறந்துவிட்டது. ஆனால் புதுசா ஹாஸ்டலுக்கு வரும் ஜூனியரிடம் 'எந்த ஊரு?' என்று கேட்டு, பதில் வந்த பிறகும் விடாமல் 'ஊர்ல எந்தப் பக்கம்?' என்று கேட்கிறோமே, அந்த இரண்டாவது கேள்வி எதற்கு? அதைக் கேட்டதும் ஒரு பையன் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி நழுவினால், அவன் கோயம்புத்தூரில் வேகமாக வீட்டுக்கு நடந்த அந்தப் பையன்தான். மூன்று வழிகளையும் அடையாளத்தைச் சுமக்கிறவரே தேட வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விடுவது மட்டும் நம்ம கையில் இருக்கிறது.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாங்க.