உளி பிடித்த கைக்குத்தான் கல்லின் பேச்சு புரியும்!

ஈ.சி.ஆர்ல பைக்கை விரட்டிக்கிட்டு மாமல்லபுரம் போயிருப்பீங்க. கடற்கரைக் கோயில் முன்னாடி ஒரு செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. ஆனா, அந்த ஊர்த் தெருக்கள்ல கேட்கும் உளிச் சத்தத்தைக் கொஞ்சம் நின்னு கவனிச்சிருக்கீங்களா? அந்தச் சத்தத்துக்கு நடுவில் பல வருஷம் வாழ்ந்த ஒருவரின் கதை இது. அவர் பெயர், கணபதி ஸ்தபதி.

1927-ல் காரைக்குடி பக்கத்துப் பிள்ளையார்பட்டியில், பரம்பரைச் சிற்பிகள் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வைத்தியநாத ஸ்தபதிதான் குரு. வீட்டில் உளியும் சுத்தியலும். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதப் பட்டப்படிப்பு. அப்புறம் பழனி முருகன் கோயிலில் ஸ்தபதி வேலை.

1957-ல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அதற்குத் தலைமை ஏற்றவர் அப்பா. அவருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு மகனுக்கு வந்தது. 1988-ல் ஓய்வுபெறும் வரை அந்த நிறுவனத்தை வழிநடத்தினார். பயிற்சிப் பள்ளி, பட்டம் கொடுக்கும் கல்லூரியாக வளர்ந்தது.

'ஸ்தபதி'ங்கிறது இன்னைக்கு நாம சொல்ற டெக் லீட் மாதிரியான பொறுப்பு. கயிறு பிடித்து அளப்பவர், வெட்டிச் செதுக்குபவர், பாகங்களை இணைப்பவர், இவர்களுக்கெல்லாம் தலைவர் ஸ்தபதி எனச் சிற்ப நூல்கள் நான்கு பேரை வரிசைப்படுத்துகின்றன. அந்த மூணு பேர் வேலையும் தெரிஞ்சவர்தான் நாலாவது இடத்துக்கு வரணும். ஏன்னு கேட்கிறீங்களா? கல்லில் 'அன்டூ' பட்டன் கிடையாது. தட்டினால் நல்ல கல் கணீர்னு ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மங்கிடும். அந்த வித்தியாசம் வரைபடத்தில் தெரியாது. தட்டிப் பழகின கைக்கும் காதுக்கும்தான் பிடிபடும். தலைவருக்கு அது தெரியலைன்னா, பல மாத உழைப்பு ஒரே அடியில் போயிடும்.

இந்த அனுபவத்துக்குப் பெரிய பரீட்சை கன்னியாகுமரியில் வந்தது. கடலுக்கு நடுவில் ஒரு பாறை. அதன் மேல், குறளின் 133 அதிகாரங்களைக் குறிக்க 133 அடி உயரத்தில் வள்ளுவர். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்த எடை சுமார் 7,000 டன். அதற்கான கற்களில் ஒரு பகுதி, நம்ம மதுராந்தகம் பக்கத்துச் சிறுதாமூரிலிருந்து போனது. போதாததுக்கு, இடுப்பைச் சற்றே வளைத்து நிற்கும் சிலை அது. எடை எங்கே இறங்கும், எந்தக் கல் எதைத் தாங்கும் என்பதில் கணக்கு தப்பினால் திருத்த வழியே இல்லை. 1990-ல் தொடங்கிய வேலை முடிந்து, 2000 ஜனவரி 1 அன்று சிலை திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து மோதியது. வள்ளுவர் அசையவில்லை.

2009-ல் பத்ம பூஷண் விருது. 2011-ல் கணபதி ஸ்தபதி மறைந்தார்.

நாளைக்கு உங்களுக்கும் டீம் லீடர் பதவி வரலாம். மீட்டிங், மெயில், பிரசன்டேஷன்னு நாள் ஓடிடும். கோடு எழுதியே பல மாசம் ஆச்சுன்னு ஒருநாள் உறைக்கும். அப்போ ஒரு சனிக்கிழமை மாமல்லபுரம் போங்க. ஏதாவது ஒரு சிற்பக்கூட வாசலில் பத்து நிமிஷம் நின்னு, அந்த உளிச் சத்தத்தைக் கேளுங்க. திங்கட்கிழமை, உங்க டீமில் யாரோ மாட்டிக்கிட்டு முழிக்கிற ஒரு சின்ன 'பக்'கை நீங்களே உட்கார்ந்து சரிபண்ணிப் பாருங்க.