தனித்து நின்ற தீர்ப்பு: நீதியரசர் சையது பசல் அலி

மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் தலைவராகவே சையது பசல் அலியைத் தமிழர் பெரிதும் அறிவர். அவர்தம் நீதிமன்றப் பணி அதனினும் ஆழமானது. பெரும்பான்மையோர் கருத்தே தீர்ப்பாகும் அவையில், மாறுபட்ட ஒரு கருத்துக்கு என்ன பயன் என்னும் வினாவுக்கு அவர் வாழ்வு விடையாக அமைந்தது.

1886 செப்டம்பர் 19ஆம் நாள் பிறந்த அவர், பாட்னா உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1943இல் அதன் தலைமை நீதிபதியானார். 1946இல் கடற்படை வீரர் கிளர்ச்சியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தோன்றியபோது அதன் முதல் நீதிபதிகள் அறுவருள் ஒருவரானார்.

நான்கு திங்கள் நிறையுமுன் பெருஞ்சோதனை வந்தது. சென்னை மாநிலத்தில் தடுப்புக்காவலில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன், 1950ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டம் செல்லாதென முறையிட்டார். மே 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சட்டம் ஒரு நடைமுறையை வகுத்திருப்பின் அதுவே போதும். அது நியாயமானதா என நீதிமன்றம் ஆராய்தல் ஆகாது. உரிமைப் பிரிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்பவை. இதுவே பெரும்பான்மையோர் கருத்து. பசல் அலி இதனை ஏற்கவில்லை. ஒருவனைச் சிறையிலடைத்தால் அவன் நாட்டில் உலவும் உரிமையும் உடன் அடைபடுகிறது; ஆதலின் உரிமைகள் ஒன்றோடொன்று பின்னியவை என்றார். குற்றச்சாட்டை அறிதல், தன் பக்கத்தை எடுத்துரைத்தல், நடுநிலை மன்றத்தின் முன் நிற்றல் ஆகியவை சட்டமுறை என்னும் சொல்லிலேயே அடங்கியவை என்றும் விளக்கினார். நீதியரசர் மகாஜனும் வேறு காரணம் காட்டி மாறுபட்டார். எனினும் நால்வர் கருத்தே வென்றது. கோபாலன் மனு தள்ளுபடியாயிற்று.

சரியாக ஏழு நாள் கழித்து, மே 26ஆம் நாள், மற்றொரு தீர்ப்பு. மும்பையிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை அரசு விதித்த தடையை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கு அது. கோபாலன் வழக்கில் அரசின் பக்கம் நின்ற தமிழர் பதஞ்சலி சாஸ்திரி இதழின் உரிமையைக் காத்துத் தீர்ப்பெழுத, பசல் அலி ஒருவரே தடைக்கு ஆதாரமான சட்டம் செல்லும் என்றார். பொது அமைதி குலையின் அரசின் பாதுகாப்பும் குலையும் என்பது அவர் துணிபு. எழுத்துலகினர்க்கு இக்கருத்து உவப்பளிக்காது. ஆயினும் அவர் கட்சி சார்ந்து மாறுபட்டவர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. 1951இல் முதல் அரசியல் சட்டத் திருத்தம், பேச்சுரிமையை வரையறுக்கும் காரணங்களுள் பொது ஒழுங்கையும் சேர்த்தது.

1952 முதல் 1954 வரை ஒரிசாவின் ஆளுநராக இருந்த அவர், மாநிலச் சீரமைப்பு ஆணையத்திலும் தம் இயல்பை விடவில்லை. பீகாரோடு தமக்கிருந்த நெடுநாள் தொடர்பு கருதி அம்மாநிலத்தின் எல்லைச் சிக்கலில் கலந்துகொள்ளாது விலகினார். இமாசலப் பிரதேசத்தைப் பஞ்சாபுடன் இணைக்கலாம் என ஏனைய இருவரும் பரிந்துரைக்க, தலைவராகிய அவரே மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினார். இமாசலம் இணைக்கப்படவில்லை, 1971இல் தனி மாநிலமாக மலர்ந்தது.

அசாம் ஆளுநராக இருக்கையிலேயே 1959 ஆகஸ்ட் 22ஆம் நாள் அவர் மறைந்தார். கோபாலன் வழக்கில் அவர் எழுதியதோ மறையவில்லை. 1970இல் வங்கி நாட்டுடைமை வழக்கு, உரிமைகள் தனித்தனியானவை என்னும் பழைய கொள்கையைக் கைவிட்டது. 1978 ஜனவரி 25ஆம் நாள் மேனகா காந்தி வழக்கில், சட்டம் வகுக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அவ்வமர்வின் பெரும்பான்மையோருள் பசல் அலியின் மைந்தர் முர்தசா பசல் அலியும் ஒருவர். அன்று மாறுபட்டு நின்றவர் கவிஞர் சௌந்தரா கைலாசத்தின் கணவரான நீதியரசர் பி.எஸ். கைலாசம். தந்தையின் சிறுபான்மைக் கருத்து, மைந்தர் அமர்ந்த அவையில் சட்டமாயிற்று. அதனைக் காணக் கோபாலன் இல்லை; 1977 மார்ச்சிலேயே அவர் மறைந்துவிட்டார்.

மாறுபட்ட தீர்ப்பு அன்றைய கைதிக்கு விடுதலை தருவதில்லை. ஆயினும் அது ஏட்டில் எழுதப்பட்டிருந்தமையாலேயே, பின்வந்த நீதிபதிகள் திரும்பிச் செல்ல ஒரு வழி இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் அவ்வழியைக் காத்து வைத்தது பசல் அலியின் எழுத்து.